மீன் வெட்டி முடியும்வரை ஆங்கிலம்

எங்கள் சின்னத் தெருவில், அதாவது இந்த ஒழுங்கையில், ஒருவரும் வெளிநாட்டுக்குப் போவதில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் ஆளைக் காணாது, அவ்வளவுதான். இரண்டொரு நாள் கழித்து அந்த வீட்டு அம்மா ஒரு தட்டில் பலகாரத்தோடு வந்து, "புள்ள போய்ச் சேர்ந்திட்டாள்" என்று சொல்வார். அதற்கு முதல்நாள் வரைக்கும் யாராவது வாயைக் கிளறினால், "ஆருகா சொன்ன? நாங்க ஒரு இடமும் போகல்ல" என்பதுதான் பதில். விசா கையில் இருந்தாலும் அதே பதில். பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாலும் அதே பதில்.

எல்லாம் நாவூறுக்குப் பயந்துதான். நடக்கப்போகிற நல்ல காரியத்தை நடப்பதற்கு முன்னாலேயே நாலு பேர் வாயால் கதைத்தால் அது பாதியில் நின்றுவிடும் என்பது அமிர்தகழியில் எங்கள் பக்கத்து ஆட்களின் உறுதியான எண்ணம். நான் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறவள். கண்ணுக்குத் தெரியாத கிருமி உண்டு என்று படித்து, அதற்காக நாள் முழுக்கக் கை கழுவுகிறவள். நாவூறும் அப்படித்தான் மனே, கண்ணுக்குத் தெரியாது என்பார் அம்மா.

இங்கிலாந்தில் தாதி வேலைக்குப் போவதென்றால் முதலில் ஆங்கிலப் பரீட்சை ஒன்று எழுத வேண்டும். கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நாலு பகுதி. நாலிலும் கேட்ட அளவு புள்ளி வர வேண்டும், பேச்சுக்கு ஏழு. இங்கிலாந்து என்று நான்தான் சொல்கிறேன். எங்கள் ஆட்களுக்கு அந்த நாடு முழுவதும் லண்டன்தான். மகளின் படிப்பு, கணவரின் கடை வருமானம் என்று போவதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். கேட்டவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். உண்மை அதுவல்ல. எனக்குப் போக ஆசை. பயிற்சிக் காலத்தில் படத்தில் மட்டும் பார்த்த மெஷின்களுக்கு நடுவில் நின்று வேலை செய்து பார்க்க வேண்டுமென்ற ஆசை. ஒரு பெண் தன் ஆசைக்காக ஊரை விட்டுப் போகிறாள் என்றால் கேட்க ஒரு மாதிரியாக இருக்குமே என்றுதான் பிள்ளையின் படிப்பை முன்னால் பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

ஏனென்றால் எங்கள் ஊரில் பெண்பிள்ளை கல்யாணம் கட்டியும் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு. பெற்றவர்கள் அதே வளவுக்குள் பின்னால் சின்னதாக ஒரு வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அம்மா எனக்கு அப்படித்தான் முன்வீட்டைத் தந்துவிட்டுப் பின்வீட்டுக்குப் போனார். அண்ணன் கல்யாணம் கட்டிப் பெண்சாதியின் ஊரில் இருக்கிறார். அதைப் பற்றி அம்மா ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. ஆண்பிள்ளை போகிறது, பெண்பிள்ளை நிற்கிறது. அம்மாவின் கணக்கில் நான் சாகும்வரை கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டியவள்.

இவர், அதாவது என் கணவர், ஆற்றங்கரையில் தோணி இஞ்சின் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கை வைத்தார். "கலியாணம் கட்டி உன்ட வீட்டுக்கு வந்தன். இப்ப லண்டனுக்கும் நீதான் கூட்டிட்டுப் போகப்போறாயா? என்ட தலையெழுத்தப் பாரன்" என்றார். ஆனால் முகத்தில் சிரிப்பு. அன்றைக்கே நாங்கள் எடுத்த முடிவு, ஒரு குருவிக்கும் தெரியக்கூடாது என்பது. அம்மாவுக்கு மட்டும் சொன்னோம். அம்மா, "ஒருத்தரிட்டயும் வாய் திறக்காத" என்றார். அதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. ஒழுங்கையில் கேட்டவர்களுக்கு ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, டியூட்டி முடிந்ததும் யூனிபோமோடேயே போவேன். முதல்நாள் படியேறி உள்ளே கால் வைத்தால், மூன்றாவது வரிசையில் எங்கள் பக்கத்து வீட்டு மச்சாள். என்னைக் கண்டதும் அவளுடைய முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"என்னகா, நீ இஞ்ச?" என்றாள்.

"சும்மா. கூட்டாளி ஒருத்திட கொப்பி வாங்க வந்தன். நீ?"

"நான் தையல் கிளாசுக்கு வந்தன். இடம் மாறி ஏறிட்டன்போல."

இடம் மாறி ஏறியவள் எழும்பிப் போகவில்லை. கொப்பி வாங்க வந்தவளும் போகவில்லை. இரண்டு பேரும் அந்த வகுப்பில் மாதக்கணக்கில் ஒன்றாக இருந்து படித்தோம். திரும்பும்போது அவள் முதல் பஸ்ஸில் போவாள், நான் அடுத்த பஸ்ஸில். பின்னேரம் மதிலடியில் சந்தித்தால், "தையல் எப்பிடிகா?" என்று நான் கேட்பேன். "ஓவர்டைம் முடிஞ்சுதா?" என்று அவள் கேட்பாள். சிரிக்கவும் மாட்டோம். இப்படி ஒரு நடிப்பு நாடகக்காரருக்கும் வராது.

வகுப்பில் வாசித்தலும் எழுதுதலும் எனக்குச் சுலபமாக ஓடியது. பேச்சை வீட்டில்தான் பழக வேண்டும். எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவில் இருக்கிற மதில் எனது நெஞ்சளவுதான். ஆகவே படுக்கையறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் சுற்றவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் குசுகுசுவென்று ஆங்கிலம் பேசுவேன். இவர்தான் பரீட்சகர். போனைப் பார்த்துக் கேள்வி கேட்பார். இஞ்சின் சாமான்களின் பெயரைத் தவிர வேறு ஆங்கிலம் பேசி அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் கேள்வி கேட்கிறபோது ஒரு வெள்ளைக்காரத் தோரணை வந்துவிடும். பேச்சுப் பரீட்சையின் மூன்றாம் பகுதிக்கு வரும்போது அவருடைய குறட்டை கேட்கும். நான் குறட்டைக்கும் பதில் சொல்லி முடிப்பேன். இப்படியே என்னுடைய ஆங்கிலம் ஒளித்து ஒளித்துப் பேசுகிற ஆங்கிலமாக வளர்ந்தது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

பரீட்சை கொழும்பில். போகிற காரணம் கேட்ட எதிர்வீட்டு மாமிக்கு, கூட வேலை செய்கிறவளின் தங்கைக்குக் கல்யாணம் என்று சொன்னேன். மாமி லேசுப்பட்ட ஆளில்லை. எந்தப் பக்கத்து ஆட்கள், மாப்பிள்ளை என்ன உத்தியோகம் என்று விசாரித்தார். மாப்பிள்ளையை நான் பாங்கில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். திரும்பி வரும்போது கல்யாணப் பலகாரம் இல்லாமல் வர முடியாதே. கொழும்பு வெள்ளவத்தையில் நானும் இவரும் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

சரி, பரீட்சைக்கு வருகிறேன். மூன்று பகுதி நன்றாகவே போனது. பேச்சுப் பரீட்சைக்கு ஒரு சின்ன அறை, எதிரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல சிரித்த முகம். ஊரைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். வேலையைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். அடுத்ததாக, எதிர்காலத்தில் வேறொரு நாட்டில் வாழ விருப்பமா என்று கேட்டார்.

"இல்லை. நான் எங்கேயும் போகவில்லை" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. எத்தனையோ மாதம் ஒழுங்கை முழுவதற்கும் சொல்லிச் சொல்லி வாயில் ஏறியிருந்த பதில், எண்ணெய் போட்டதுபோல் ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்தப் பெண்மணி இன்னும் ஏதாவது சொல்வேன் என்று புருவத்தை உயர்த்திக் காத்திருந்தார். நானும் சும்மா இருக்காமல், "யார் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டுவிட்டேன்.

ஐயோ! பரீட்சகரிடம் கேட்கிற கேள்வியா அது?

அதோடு விட்டதா? அடுத்ததாக ஒரு அட்டையைத் தந்தார். எதிர்காலத்துக்காக நீங்கள் வைத்திருக்கிற ஒரு திட்டத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா? வாயைத் திறந்து லண்டன் என்று சொன்னால் போதும், மீதி தன்பாட்டில் வரும். ஆனால் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டேன். முன்பின் தெரியாத வெள்ளைக்காரியின் முன்னால் சொல்லி நாவூறு பட்டுவிட்டால்? படித்தவளின் மூளை அந்த நேரத்தில் அப்படித்தான் வேலை செய்தது. வளவில் கத்தரி வைக்கப்போகிறேன் என்று தொடங்கினேன். கத்தரிக்கன்றைப் பற்றி ஒருவர் எவ்வளவு நேரம் பேசலாம்? நட்டேன், தண்ணீர் ஊற்றினேன், காய்த்தது, ஆய்ந்து கறி வைத்தேன். எல்லாம் மின்விசிறிச் சத்தத்துக்குள் பழகிய அதே குசுகுசுக் குரலில். பிறகு பேச ஒன்றும் இல்லை. அந்தப் பெண்மணி மேசையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

முடிவு வந்தபோது மற்ற மூன்றிலும் கேட்ட அளவுக்கு மேலேயே இருந்தது. பேச்சுக்கு ஆறு. போனைக் கட்டிலில் தூக்கி எறிந்தேன். எனக்குக் கோபம் வந்தால் வாட்டில் டொக்டர்மாரே ஒதுங்கிப் போவார்கள். அன்றைக்கு என் மேலேயே கோபம் என்பதால் ஒதுங்கவும் இடமில்லை. இவர் நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "கத்தரிக்காய்க்கு ஆறு குடுத்ததே பெரிய விஷயம்" என்றார். தலையணையால் அடித்தேன்.

வகுப்பு நடத்துகிறவள் என்னைவிட வயதில் குறைந்த பெண். அவளிடம் சொன்னபோது மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, உங்கட இங்கிலீசுக்கு ஒரு குறையும் இல்ல. போறன் எண்டு முதல்ல ஆருக்காவது தமிழில சொல்லிப் பழகுங்க" என்றாள். எனக்குச் சுரீரென்றது. கோபித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் மீன்காரர் வந்து ஹோர்ன் அடித்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டி கட்டி, ஆற்று மீனும் கடல் மீனும் கொண்டுவருகிறவர். எங்கள் கேற்றடியில் நிழல் இருப்பதால் அங்கேதான் நிறுத்திப் பலகை போட்டு மீன் வெட்டிக் கொடுப்பார். ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் சட்டியோடு அங்கே வந்து நிற்பார்கள். அம்மாவும் நின்றார். எதிர்வீட்டு மாமி என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து, "மனே, அந்தக் கொழும்புக் கலியாணப் பொம்பிளைக்கு ஏதும் விசேஷமா?" என்று கேட்டார்.

இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் கட்டிவைத்தாயிற்று. இனிப் பிள்ளையும் பெறவைக்க வேண்டும். எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"மாமி, கலியாணமும் இல்ல, பொம்பிளையும் இல்ல. நான் இங்கிலீசுச் சோதினை எடுக்கப் போனனான். லண்டன் போறதுக்கு. போய்ப் பெயில் விட்டுட்டு வந்து நிக்கிறன். போதுமா?"

மீன்காரரின் கத்தி பலகையில் நின்றது. அம்மாவின் முகம் வெளுத்துப்போய்விட்டது. மாமி மட்டும் அசையவில்லை.

"லண்டன் எண்டு எங்களுக்குத் தெரியும் மனே," என்றார். "பெயில் எண்டுதான் தெரியாது."

"என்னெண்டு தெரியும்?"

"பேனச் சுத்தவிட்டுட்டு நாள் நாளா குசுகுசுத்தா தெரியாதா? முதல்ல நாங்க புருசனும் பொஞ்சாதியும் சண்டை எண்டு நினைச்சம். மறுகாதான் விளங்கினது, இது இங்கிலீசு எண்டு. அப்ப அந்த லட்டு?"

"கடையில வாங்கினது மாமி."

"அதுதான் பாத்தன். கலியாண வீட்டு லட்டு அவ்வளவு வடிவா இரிக்காது."

அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. எல்லாருக்கும் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு மச்சாள் சட்டியால் வாயை மறைத்துக்கொண்டு, "நானும்தான்கா. தையலும் இல்ல ஒண்டும் இல்ல" என்றாள். மாமி அவள் பக்கம் திரும்பி, "உன்ட சங்கதியும் தெரியும், நில்லு" என்றார். என் நெஞ்சில் இருந்த பாரம் எங்கே போனதோ தெரியவில்லை. அவ்வளவு காலமும் யாருக்காக அந்தப் பாடு பட்டேன் என்று நினைக்க வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அப்போது மீன்காரர் ஒரு பெரிய பாரைக்குட்டியைப் பலகையில் போட்டபடி, "அப்ப மிஸி, இதை வெட்டி முடிக்கும் வரைக்கும் இங்கிலீசில ஏதாவது கதைங்க பாப்பம்" என்றார். தாதிமாரை எங்கள் ஊரில் மிஸி என்பார்கள். வேடிக்கைக்குத்தான் கேட்டார். நான் ஏதோ வேகத்தில் தொடங்கிவிட்டேன். அந்த மீனைப் பற்றி, அதை எங்கே பிடிப்பார்கள், எப்படிக் குழம்பு வைப்போம் என்று. திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில், உரத்த குரலில் நான் ஆங்கிலம் பேசியது அன்றைக்குத்தான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. துண்டு போட்டுக் கழுவிச் சட்டியில் போடும்வரை பேசினேன். "முடிஞ்சுது மிஸி, பாஸ்" என்றார் அவர்.

அதுவே வழக்கமாகிவிட்டது. நான் வீட்டில் நிற்கிற காலைகளில் மாமி ஒரு தலைப்புச் சொல்வார்; பக்கத்து வீட்டு மச்சாள் அதை ஆங்கிலத்தில் கேள்வியாக்குவாள்; மீன் வெட்டி முடியும்வரை நான் பேச வேண்டும். பிறகு அவளுடைய முறை. மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நான் எங்கே தடக்கினேன் என்பது முகத்திலேயே தெரியுமாம். "அந்த இடத்தில மேல பாத்தாய். மேல என்ன இரிக்கி? என்னப் பாத்துக் கதை" என்பார். நெத்தலி வருகிற நாளில் வெட்ட ஒன்றுமில்லை, அன்று வகுப்பும் இல்லை. எந்த இடத்திலும் நான் இவ்வளவு சந்தோஷமாகப் படித்ததில்லை.

அம்மாதான் கொஞ்ச நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. ஊர்வாயில் விழுந்துவிட்டேனாம். ஒவ்வொரு பின்னேரமும் உப்பும் செத்தல் மிளகாயும் என் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவார். மிளகாய் எரிந்து கமறல் வந்தால் நாவூறு இல்லை. கமறாவிட்டால் கடுமையாகப் பட்டிருக்கிறது. இவரும் மகளும் இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். அம்மா கண்ணில் நீர் வழிய, தொண்டையைச் செருமியபடி நின்று, "பாத்தியா, மணமே இல்ல" என்பார். நான் மறுத்துப் பேசவில்லை.

இரண்டாம் தரம் கொழும்புக்குப் போனபோது ஒழுங்கைக்கே தெரியும். மாமி பொதி செய்த சோறு கொண்டு வந்தார். மச்சாள் திருநீறு பூசிவிட்டாள். இந்த முறை பரீட்சகர் வேறொருவர், கண்ணாடி போட்ட நடுவயது மனிதர். உங்கள் ஊரில் மக்கள் ஏன் வெளிநாடு போகிறார்கள் என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒருவரும் போவதில்லை என்று தொடங்கி, ஒழுங்கை, லட்டு, மச்சாளின் தையல் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மீன்காரரின் ஹோர்னோடு போட்டி போட்டுப் பழகிய குரல். அந்த மனிதர் கதிரையில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். பிறகு சிரித்தார். நேரம் முடிந்துவிட்டது என்று அவர்தான் என்னை நிறுத்த வேண்டியிருந்தது.

முடிவு வந்த அன்று எனக்கு ஓய்வுநாள். போனில் பார்த்துவிட்டு நேரே பின்வீட்டுக்குப் போனேன். அம்மா திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, வந்திட்டு."

"எத்தின?"

"ஏழரை."

கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. "போன தரம் உனக்குக் குறைஞ்சு வந்திச்சே, மறுநாள் கொண்ணன் வீட்டுக்குப் போறன் எண்டு போனனே" என்றார்.

"ஓம், அண்ணன்ட வீட்டுக்கு."

"கொண்ணன் வீட்டுக்குப் போகல்ல. களுதாவளைப் பிள்ளையாரிட்டப் போய்த் தேங்கா உடைச்சிட்டு வந்தன்."

"அடுத்த தரம் சரிவரவேணும் எண்டா?"

"இல்ல மனே. சரிவரல்லதானே. அதுக்கு."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியபோது கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. ஒருத்தரிட்டயும் வாய் திறக்காதே என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னவருக்குள் என்ன இருந்தது என்று அந்த நிமிடத்தில்தான் கண்டேன்.

"அப்ப உப்பும் மிளகாயும் சுத்திப் போட்டதெல்லாம்?"

"அது உன்ட உடம்புக்கு. அது வேற."

"இந்தத் தரம் பிள்ளையாரிட்ட என்ன கேட்டீங்க?"

"ஒண்டும் கேக்கல்ல. நீ கேற்றடியில நிண்டு கதைக்கிறத நானும் பாத்துக்கொண்டுதானே இருந்தன்." மறுபடி திருவத் தொடங்கினார். "அப்பிடிக் கதைக்கிற புள்ளைய வளவுக்குள்ள வச்சிரிக்க ஏலாது மனே."

நான் பின்னால் குந்தி அம்மாவின் முதுகில் தலையைச் சாய்த்தேன். அவருடைய தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"தலைய எடு, திருவ ஏலாம இரிக்கு" என்றார்.

நான் எடுக்கவில்லை.